அஸ்ஸாமியம் பேசிய மயிலாப்பூர்

இணையதளப் படிவத்தில் மொழி கேட்கும் ட்ராப்டவுன் ஒன்றைச் சேர்ப்பது எங்கள் தொழிலில் வேலைக்கணக்கிலேயே வராது. எச்டிஎம்எல்லில் ஒரு செலக்ட், அதற்குள் பத்துப் பன்னிரண்டு ஆப்ஷன், டேட்டாபேஸில் ஒரு ஃபீல்டு. புதிதாகச் சேர்ந்த பையனிடம் காலையில் கொடுத்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடுவான். ஆனால் முடித்தது சரிதானா என்று தெரிய மாதக்கணக்காகும். மற்ற ஃபீல்டுகள் அப்படியல்ல. போன் நம்பரில் ஓர் இலக்கம் குறைந்தால் ஓடிபி போகாது. பிறந்த தேதி தப்பினால் பில் கவுன்டரில் சண்டை வரும். மொழி தப்பாக இருந்தால் எதுவும் உடைவதில்லை, யாரும் போன் செய்து திட்டுவதில்லை. தப்பான பதில்கள் பாட்டுக்குச் சேர்ந்துகொண்டே போகும்.

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் முன்பதிவுப் படிவம் அந்த நிலையில்தான் எங்கள் கைக்கு வந்தது. கோட் எழுதியது வேறொரு கம்பெனி. மருத்துவமனைக்கு வருகிறவர்களில் கணிசமானோர் மேற்கு வங்கம், வங்கதேசம், ஆந்திரா, வடகிழக்கு மாநிலங்கள் என்று வெளியிலிருந்து வருகிறவர்கள். நகரத்தின் பெரிய மருத்துவமனைகளைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் போர்டு மாட்டிய லாட்ஜுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. எந்த நேரத்தில் எந்த மொழிக்காரருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை என்று நிர்வாகம் கணக்குக் கேட்டது. ரிப்போர்ட் எடுத்தோம். மயிலாப்பூர், மந்தைவெளி, ஆலந்தூர் என்று முகவரி கொடுத்தவர்களில் பெரும்பாலோரின் மொழி அஸ்ஸாமியம் என்றிருந்தது.

ரிசப்ஷன் பொறுப்பில் இருந்த அக்காவிடம் அதைக் காட்டினேன். சிரிக்கவில்லை. "அத யாரு சார் தொடறாங்க? திறந்த உடனே அதுல என்ன இருக்கோ அப்படியே விட்டுட்டுக் கீழ போயிடுவாங்க. நாங்களும் அப்படித்தான். க்யூ நிக்குதுல்ல?" என்றார்.

காரணம் அவ்வளவுதான். மொழிகளை ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கியிருந்தார்கள். அஸ்ஸாமியம் முதலில் வந்து நின்றது. எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கோடில் குறிக்காவிட்டால், பிரவுசர் முதல் ஆப்ஷனையே தேர்ந்தெடுத்ததாக எடுத்துக்கொள்ளும். யாருமே பதில் சொல்லாத கேள்விக்கு டேட்டாபேஸில் பதில் வந்து உட்கார்ந்துவிட்டது. தமிழ் அகரவரிசைக்கு மாற்றியிருந்தால் தப்பித்திருப்போம் என்று நினைக்க வேண்டாம். அந்த வரிசையிலும் அஸ்ஸாமியம்தான் முதலில் வரும்.

இதற்கு மருந்து எச்டிஎம்எல் விதிகளிலேயே இருக்கிறது. முதல் ஆப்ஷனின் வேல்யூவை வெற்றாக விட்டு, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் 'மொழியைத் தேர்ந்தெடுக்கவும்' என்று எழுத வேண்டும். செலக்டுக்கு ரிக்வயர்டு என்ற ஒற்றைச் சொல்லைச் சேர்க்க வேண்டும். அப்படிச் செய்தால் பிரவுசர் அந்த முதல் வரியைப் பதிலாக ஏற்காது, வேறொன்றைத் தொடும்வரை படிவத்தை அனுப்பவும் விடாது. ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட வேண்டாம்.

நிர்வாகத்துக்கு வேறு யோசனை இருந்தது. "தமிழையே டீஃபால்ட்டா வெச்சிடுங்களேன், பாதிப் பேருக்கு மேல தமிழ்தானே?" என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படி வைத்தால் ரிப்போர்ட் பார்க்க லட்சணமாக இருக்கும், தவறு மட்டும் அப்படியே இருக்கும். அஸ்ஸாமியம் என்று வந்ததால்தானே இந்த ஓட்டை கண்ணில் பட்டது? மயிலாப்பூர்க்காரர்கள் தமிழ் என்று வந்திருந்தால் யாருக்குச் சந்தேகம் வந்திருக்கும்? கொல்கத்தாவிலிருந்து வந்தவரும் தமிழராகிப் போயிருப்பார், மொழிபெயர்ப்பாளர் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

டேட்டாபேஸுக்குள் போய்ப் பார்த்தபோது இன்னும் பழைய அடுக்கு ஒன்று கிடைத்தது. ட்ராப்டவுனுக்கு முன்னால் அந்த இடத்தில் வெறும் எழுத்துப்பெட்டி இருந்திருக்கிறது. தமிழ் என்பதற்கே ஆங்கில எழுத்தில் ஐந்தாறு விதமான ஸ்பெல்லிங். 'தமிழ் ப்ளஸ் கொஞ்சம் இந்தி' என்று ஒருவர். 'எல்லாம்' என்று ஒருவர். ஊர்ப் பெயரை எழுதியவர்களும் உண்டு. இவற்றையெல்லாம் ஒரு வழிக்குக் கொண்டுவருவது தனி வேலை. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, உட்கார்ந்து செய்ய வேண்டியதுதான்.

மொழியின் பெயரைச் சேமிக்கக் கூடாது, அதன் குறியீட்டைத்தான் சேமிக்க வேண்டும் என்று புதியவர்களுக்கு நான் சொல்லும்போது ஒடியாவை உதாரணமாகச் சொல்வேன். 2011-இல் அரசியல் சட்டத்தின் 96-வது திருத்தம் எட்டாவது அட்டவணையில் இருந்த ஒரியா என்ற பெயரை ஒடியா என்று மாற்றியது. பெயரைச் சேமித்து வைத்திருந்தவர்களுக்கு அன்றிலிருந்து ஒரே மொழி இரண்டு மொழியானது. குறியீட்டைச் சேமித்திருந்தவர்கள் திரையில் தெரியும் ஒரு சொல்லை மட்டும் மாற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்கள். ஐஎஸ்ஓ 639 தரத்தில் அந்த மொழியின் ஓ-ஆர் என்ற குறியீடு அப்படியே இருக்கிறது.

ஆனால் குறியீடு என்றதும் இரண்டெழுத்து என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். தமிழுக்கு டி-ஏ, தெலுங்குக்கு டி-இ, வங்காளத்துக்கு பி-என் என்று பழகிய கை, டேட்டாபேஸிலும் இரண்டே எழுத்துக்கு இடம் ஒதுக்கிவிடும். எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் இருக்கின்றன. அவற்றில் 16-க்குத்தான் இரண்டெழுத்துக் குறியீடு உண்டு. போடோ, டோக்ரி, கொங்கணி, மைதிலி, மணிப்பூரி, சந்தாலி ஆகிய ஆறுக்கும் மூன்றெழுத்து.

மூன்றெழுத்தை இரண்டெழுத்துக் குழிக்குள் போட்டால் என்ன ஆகும்? இப்போதைய மைசீக்வல் எரர் காட்டி நிறுத்திவிடும். 5.7 பதிப்பில்தான் அந்தக் கண்டிப்பு இயல்பான அமைப்பாக வந்தது. அதற்கு முந்தைய அமைப்பிலேயே ஓடிக்கொண்டிருந்த இந்த மருத்துவமனை சர்வர் மூன்றாவது எழுத்தைக் கத்தரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தது. அதிலும் மிஞ்சிய இரண்டெழுத்து சும்மா இருப்பதில்லை. மணிப்பூரியின் எம்-என்-ஐ வெட்டுப்பட்டு எம்-என் ஆனால் அது மங்கோலிய மொழி. சந்தாலியின் எஸ்-ஏ-டி, எஸ்-ஏ ஆகி சமஸ்கிருதமாகும். கொங்கணி கொரியமாகும். போடோ, பிரான்ஸின் ஒரு மூலையில் பேசப்படும் பிரெட்டனாகும். இம்பாலிலிருந்து வந்த நோயாளியின் பதிவில் மங்கோலியம் என்று இருந்ததை எங்கள் டீம் பையன் ஒருவன் பார்த்துவிட்டு, "அண்ணா, மங்கோலியாவுல இருந்தெல்லாம் இங்க வராங்களா?" என்று கேட்டான். அவன் கேள்வியில் தப்பில்லை. பார்க்க உண்மை மாதிரியே இருக்கும் தவறு அது.

மணிப்பூரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதை வங்காள எழுத்திலும் எழுதுகிறார்கள், மெய்தெய் மயெக் எழுத்திலும் எழுதுகிறார்கள். சிந்திக்கு அரபுவழி எழுத்தும் தேவநாகரியும் உண்டு. அதனால் மொழிக் குறியீட்டோடு எழுத்துமுறையின் நான்கெழுத்துக் குறியீட்டையும் கோடு போட்டுச் சேர்க்கும் வசதி இருக்கிறது. ஆர்எஃப்சி 5646 என்ற ஆவணம் அதை விவரிக்கிறது. இடம் ஒதுக்கும்போது 35 எழுத்துவரை விடச் சொல்கிறது அந்த ஆவணம். நாங்கள் 35 விட்டோம். வட்டில் இடம் இன்று சல்லிசு.

அடுத்தது, பெயரை எப்படி எழுதுவது. மொழிப் பட்டியலில் ஒவ்வொரு மொழியின் பெயரையும் அந்தந்த எழுத்திலேயே எழுது என்பது எல்லோரும் சொல்லும் விதி. நல்ல விதிதான். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர், தன் மொழியின் பெயர் ஆங்கிலத்தில் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு வந்து தேட வேண்டியதில்லை. ஆனால் இந்தப் படிவத்தை நிரப்புகிறவர்கள் இரண்டு வகை. வீட்டிலிருந்து போனில் நிரப்பும் நோயாளி ஒருவர். கவுன்டரில் நோயாளி சொல்லச் சொல்ல நிரப்பும் ரிசப்ஷன் ஊழியர் இன்னொருவர். அந்த ஊழியருக்கு வங்காள எழுத்தும் அஸ்ஸாமிய எழுத்தும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒடியாவைப் பார்த்தால் எல்லாம் வட்டம்.

அவர்கள் வேலை செய்யும் விதத்தைப் பின்னால் நின்று பார்த்தால்தான் புரியும். மவுஸைத் தொடுவதே இல்லை. பெயர், டேப், வயது, டேப், போன், டேப். மொழி ஃபீல்டுக்கு வந்ததும் ஆங்கில எழுத்து 'டி'யை ஒரு தட்டு, தமிழ் வந்துவிடும். மறுபடி ஒரு தட்டு, தெலுங்கு. செலக்டுக்குள் ஓர் எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்தில் தொடங்கும் ஆப்ஷனுக்குத் தாவும் வசதி பிரவுசரிலேயே இருக்கிறது. பட்டியலை அந்தந்த எழுத்துக்கு மாற்றிய அன்றைக்கு அந்த வசதி செத்துப்போகும். ஆங்கில விசைப்பலகையை வைத்துக்கொண்டு தெலுங்கு எழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு எப்படித் தாவுவது? ஆகவே இரண்டு முகம் கொடுத்தோம். பொதுமக்கள் பார்க்கும் படிவத்தில் சொந்த எழுத்து முன்னால், ஆங்கிலம் பின்னால். கவுன்டர் திரையில் ஆங்கிலம் முன்னால். உள்ளே போகும் வேல்யூ இரண்டுக்கும் ஒன்றே. கவுன்டரில் சில கம்ப்யூட்டர்கள் இன்னும் விண்டோஸ் 7-இல் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் சில எழுத்துகள் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. அங்கே ஆங்கிலப் பெயர்தான் காப்பாற்றியது.

வரிசையை கவுன்டரில் எது அதிகம் வருகிறதோ அதன்படி வைத்தோம்: தமிழ், வங்காளம், தெலுங்கு, ஆங்கிலம், இந்தி, பிறகு மற்றவை அகரவரிசையில். இந்தி எத்தனையாவது இடத்தில் என்ற பஞ்சாயத்து தமிழ்நாட்டில் எந்தக் கூட்டத்திலும் கிளம்பும். எண்ணிக்கைப்படி என்று சொல்லிவிட்டால் இரண்டு பக்கமும் அடங்கிவிடுகிறது. டிசைனர் அனுப்பிய மாதிரியில் மொழிப்பெயருக்குப் பக்கத்தில் கொடிகள் இருந்தன. வங்காளத்துக்கு வங்கதேசக் கொடி, இந்திக்கு இந்தியக் கொடி. தமிழுக்கு என்ன போடுவது என்று அவரே திகைத்து வெறுமையாக விட்டிருந்தார். கொடிகளை மொத்தமாக எடுத்துவிட்டோம். கொடி நாட்டுக்கு உரியது, மொழிக்கு அல்ல.

இவ்வளவும் கோடின் சமாச்சாரம். உண்மையில் எங்களைத் திணற வைத்தது அந்த ஃபீல்டின் தலைப்பு. 'மொழி' என்று மட்டும் போட்டிருந்தது. எதற்கான மொழி? டாக்டரோடு பேசவா, குறுஞ்செய்தி படிக்கவா, இணையதளத்தைப் பார்க்கவா?

ஒருநாள் கவுன்டர் ஓரமாக நின்றிருந்தபோது, எழுபது வயது மதிக்கத்தக்க அம்மாவும் அவர் மகனும் வந்தார்கள். அந்த அம்மாவுக்குத் தமிழ் தவிர வேறு தெரியாது. அதையும் படிக்கத் தெரியாது. கொடுத்த போன் நம்பர் மகனுடையது. அவர் பெங்களூரில் வேலை பார்க்கிறார். மொழி என்ன என்று கேட்டதும் மகன் "இங்கிலீஷ்" என்றார். அவரைப் பொறுத்தவரை அது சரியான பதில். செய்தி அவர் போனுக்குத்தானே வரப்போகிறது? ஆனால் உள்ளே கன்சல்டிங் ரூமில் உட்காரப்போவது அம்மா. அன்றைக்கு அந்த ஷிப்டில் இருந்த டாக்டர் வெளிமாநிலத்துக்காரர். திரையில் ஆங்கிலம் என்று பார்த்துவிட்டு உதவிக்கு யாரையும் கூப்பிடாமல் ஆங்கிலத்திலேயே ஆரம்பித்திருக்கிறார். நர்ஸ் குறுக்கே புகுந்து சமாளித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

ஆகவே ஒரு ஃபீல்டை இரண்டாகப் பிரித்தோம். 'நோயாளி டாக்டரிடம் எந்த மொழியில் பேசுவார்?' 'போனுக்கு வரும் தகவல் எந்த மொழியில் வேண்டும்?' முதல் கேள்விக்கு எழுத்துமுறை தேவையில்லை. மணிப்பூரி என்றால் மணிப்பூரிதான். இரண்டாவதற்குத் தேவை. முதல் பட்டியலில் இந்திய சைகை மொழியையும் சேர்த்தோம். அதற்கும் ஐ-என்-எஸ் என்று மூன்றெழுத்துக் குறியீடு இருக்கிறது. இரண்டாவது பட்டியலில் அதற்கு இடமில்லை. பதிலாக 'எழுத்து வேண்டாம், போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள்' என்று ஓர் ஆப்ஷன் வைத்தோம். படிக்கத் தெரியுமா என்று யாரையும் நேருக்குநேர் கேட்க வேண்டிய சங்கடம் அதில் போய்விட்டது. பார்வை குறைந்தவர்களும் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று ரிசப்ஷன் அக்கா சொன்னார். அது நாங்கள் யோசிக்காமலே கிடைத்த லாபம்.

வீட்டில் பேசும் மொழி என்ற மூன்றாவது கேள்வியை நிர்வாகத்தில் சிலர் விரும்பினார்கள். வேண்டாம் என்றேன். மதுரையில் சௌராஷ்டிரம் பேசும் குடும்பத்துக்காரர் டாக்டரிடம் தமிழில் பேசுவார், தமிழில்தான் படிப்பார். சென்னையில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற எத்தனையோ குடும்பங்களும் அப்படித்தான். பயன்படுத்தப்போகாத தகவலை, அதுவும் ஒருவர் யார் என்று தோண்டும் தகவலை, மருத்துவமனை எதற்குச் சேர்த்து வைக்க வேண்டும்?

கேட்காமலே கண்டுபிடிக்க முடியாதா என்பது எல்லா இடத்திலும் வரும் கேள்வி. பிரவுசர் ஒவ்வொரு முறையும் சர்வருக்குத் தன் விருப்ப மொழிகளின் பட்டியலை அனுப்புகிறது. ஆனால் அது போனின் அமைப்பில் உள்ள மொழி. வாட்ஸாப்பில் நாள் முழுக்கத் தமிழில் எழுதுகிறவரின் போன் அமைப்பும் கடையில் வாங்கியபோது இருந்த ஆங்கிலத்திலேயே இருக்கும். என் அம்மாவின் போன் அப்படித்தான். அந்தத் தகவலை வைத்து இணையதளம் எந்த மொழியில் முதலில் திறக்கலாம் என்று யூகிக்கலாம். நோயாளியின் பதிவில் எழுதக் கூடாது.

ஃபீல்டு சரியானதும் செய்திகள் தமிழில் போக ஆரம்பித்தன. அந்த மாத பில்லைப் பார்த்துவிட்டு கணக்குப் பிரிவு கூப்பிட்டது. குறுஞ்செய்தியில் ஆங்கிலம் என்றால் ஒரு செய்திக்கு 160 எழுத்து; தமிழோ வங்காளமோ என்றால் 70. நீண்டு பல துண்டானால் துண்டுக்கு 153, 67 என்று இன்னும் சுருங்கும். தமிழில் அந்த 70-ம் நாம் எண்ணுகிற எழுத்தல்ல. 'மருத்துவமனை' என்ற சொல்லில் நமக்கு ஏழு எழுத்து. கம்ப்யூட்டருக்கு, புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தனித்தனியாக எண்ணுவதால், 11. ஆங்கிலத்தில் ஒரு துண்டில் அடங்கிய செய்தி தமிழில் மூன்று துண்டானது. தமிழை நிறுத்திவிடலாம் என்று பேச்சு எழுந்தது. நான் செய்தியைக் கத்தரித்தேன். 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு வணக்கம்' என்ற தொடக்கமே பாதி இடத்தைத் தின்றுகொண்டிருந்தது. பெயர், டாக்டர், தேதி, நேரம், எந்தத் தளம், அவ்வளவு போதும். டிராய் விதிப்படி செய்தியின் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்பதால் ஒவ்வொரு மொழிக்கும் புது வாசகத்தைப் பதிவு செய்து அனுமதி வாங்கக் கொஞ்சம் இழுத்தது.

நடுவில் ஒரு சின்ன விஷயம். இணையதளத்தின் மேல்மூலையில் இருக்கும் மொழி மாற்றியையும் படிவத்துக்குள் இருக்கும் மொழி ஃபீல்டையும் ஒன்றாக்கிவிடலாம் என்று எங்கள் பையன் சொன்னான். ஆப்ஷனைத் தொட்டவுடன் பக்கம் அந்த மொழியில் மறுபடி ஏறிவரும். அதோடு அதுவரை நிரப்பியதெல்லாம் காணாமல் போகும். கீபோர்டில் கீழ் அம்புக்குறியால் நகர்கிறவருக்கு, தன் மொழிக்கு வந்து சேருமுன்னே நடுவில் உள்ள மொழிக்குப் பக்கம் மாறிவிடவும் கூடும். முன்னறிவிப்பில்லாமல் இப்படிச் செய்யாதே என்று வெப் அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜி தனி விதியே வைத்திருக்கிறது. இரண்டையும் பிரித்தே வைத்தோம்.

ஒரு ஃபீல்டை நம்பலாம் என்று ஆனதும் மற்ற பிரிவுகள் தேடி வர ஆரம்பிக்கும். முதலில் வந்தவர் மருந்தகப் பொறுப்பாளர். மாத்திரைக் கவர் மேல் ஒட்டும் லேபிளும் நோயாளியின் மொழியில் வர வேண்டும் என்றார். லேபிள் அச்சடிக்கும் தெர்மல் பிரின்டரின் சொந்த எழுத்துருவில் தமிழ் இல்லை. அதனால் வாசகத்தை சர்வரிலேயே படமாக வரைந்து அனுப்புகிறோம். ஒற்றைக்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, ஆனால் சாதாரண எழுத்தைவிட ஒவ்வொரு லேபிளும் மெதுவாக வெளிவருகிறது. மாலை நேரக் கூட்டத்தில் அது தெரிகிறது.

மருந்தின் பெயரையும் தமிழில் அடிக்கலாமா என்று கேட்டேன். "வேண்டாம் சார்," என்றார் அவர். "பேரு இங்கிலீஷ்லயே இருக்கட்டும். நாளைக்கு ஊர்ல இருக்கற கடையில போய்க் காட்டுவாங்க, அவங்க படிக்கணும். காலை, மதியம், ராத்திரி, சாப்பாட்டுக்கு முன்ன, பின்ன. இத மட்டும் அவங்க மொழியில குடுங்க."